கட்டிப்போட்ட காப்ளினும் கீழே விழுந்த பாலடினும்

இன்னைக்கு எபிசோடை நான் பண்ண ஒரு தப்புலேருந்து ஆரம்பிக்கிறேன்.

எங்க டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் குரூப்ல அஞ்சு பேர். வெள்ளிக்கிழமை ராத்திரி லேப்டாப்பை மூடி வெச்சுட்டு உட்காருவோம். நான் டன்ஜன் மாஸ்டர். ஆட்டம் தெரியாதவங்களுக்கு ஒரு வரி: மத்த நாலு பேரும் ஆளுக்கு ஒரு கதாபாத்திரமா ஆடுவாங்க, மீதி உலகம் மொத்தமும் நான். மழை, கடைக்காரர், டிராகன், கடவுள் எல்லாமே.

நாலு பேர்ல ஒருத்தன் பாலடின். பாலடின்னா புனித வீரன். சத்தியம் பண்ணிக்கொடுத்து, அந்தச் சத்தியத்தாலேயே சக்தி கிடைச்சவன். கையை வெச்சா காயம் ஆறும், வாள்ல வெளிச்சம் வரும். போன வருஷம் ஒரு நாள் இவங்க ஒரு காப்ளினைப் பிடிச்சு மரத்துல கட்டிப்போட்டாங்க. காப்ளின்னா குட்டிப் பச்சை அரக்கன் மாதிரி ஒண்ணு. கேம்ப் எங்கே இருக்குன்னு கேட்டாங்க, அது பயத்துல எல்லாத்தையும் சொல்லிடுச்சு. இப்போ அதை விட்டா ஓடிப்போய் மத்ததுங்களை உஷார் பண்ணிடும், கூடவே இழுத்துட்டும் போக முடியாது. இருபது நிமிஷம் வாக்குவாதம். கடைசியில பாலடின், "நான் முடிச்சுடறேன்"னு சொல்லி வெட்டிட்டான்.

நான் பெரிய டைரக்டர் மாதிரி குரலைத் தாழ்த்தி, "உன் வாள்ல இருந்த வெளிச்சம் அணைஞ்சுடுச்சு"ன்னு சொன்னேன். எல்லா பவரும் போச்சு.

யாரும் பேசலை. அப்புறம் அவன் கேட்டான்: "போன வாரம் தூங்கிட்டிருந்த பன்னெண்டு காப்ளினை வெட்டினோம். அதுக்கு நீ எக்ஸ்பி குடுத்தே. இதுக்கு மட்டும் ஏன்டா?"

என்கிட்ட பதில் இல்லை. ரூல் அப்படித்தான்னு சொல்லிட்டேன். அவன் அடுத்த வெள்ளிக்கிழமை வரலை. அதுக்கடுத்த வாரமும் வரலை. இதுல கேவலமான விஷயம், ரெண்டு நாள் கழிச்சு நான் புக்கை எடுத்துப் பார்த்தா, நாங்க ஆடற எடிஷன்ல தப்பு பண்ண அந்த நொடியே பவர் போயிடும்னு ஒரு ரூலே இல்லை.

அப்போ இல்லாத அந்த ரூல் என் தலைக்குள்ள எப்படி வந்துச்சு? அதைத் தேடப் போய்த்தான் இந்த எபிசோட்.

அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவான்னு ஒரு சின்ன ஏரிக்கரை ஊர். அங்கேருந்துதான் 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் எழுதின டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வெளியாச்சு. அந்த முதல் பெட்டியில பாலடின் கிடையாது. அடுத்த வருஷம், 1975-ல், கைகாக்ஸும் ராப் குன்ட்ஸும் எழுதின 'கிரேஹாக்'ங்கற இணைப்புப் புத்தகத்துலதான் அவன் வர்றான். பாலடின் ஆகணும்னா கரிஸ்மா 17 வேணும். டைஸை உருட்டி 17 விழறது எவ்வளவு அபூர்வம்னு ஆடினவங்களுக்குத் தெரியும். கூடவே ஒரு நிபந்தனை: ஒழுங்கின் பக்கத்துலேருந்து விலகி ஒரே ஒரு செயல் பண்ணாலும் பாலடின் அந்தஸ்து உடனே போயிடும். திரும்ப எந்தக் காலத்துலயும் கிடைக்காது.

நமக்கு இது புதுசா தெரியாது. தர்மரோட தேர் தரையைத் தொடாம நாலு விரற்கடை உயரத்துல ஓடுமாம். துரோணர்கிட்ட அஸ்வத்தாமா விஷயத்துல பாதி பொய் சொன்ன அந்த நொடியில தேர் மண்ணுல இறங்கிடுச்சு. அதே லாஜிக்தான். தர்மருக்கு வாழ்நாள் முழுக்க நல்லவரா இருந்ததுக்கு நாலு விரற்கடை கிடைச்சது, பாலடினுக்கு டைஸ்ல 17.

பாலடின்ங்கற பேரு அரண்மனைன்னு அர்த்தம் வர்ற லத்தீன் சொல்லுலேருந்து வந்தது. சார்லமேன் மன்னரைச் சுத்தி இருந்ததாக் கதைகள் சொல்ற பன்னிரண்டு வீரர்களை அப்படிச் சொல்வாங்க. ஆனா கைகாக்ஸ் கைக்கு அது நேரா வரலை. பௌல் ஆண்டர்சன் எழுதின 'த்ரீ ஹார்ட்ஸ் அண்ட் த்ரீ லயன்ஸ்' நாவல், 1961-ல் புத்தகமா வந்தது, தன்னைப் பாதிச்ச நூல்கள்ல ஒண்ணுன்னு கைகாக்ஸே பட்டியல் போட்டிருக்கார். அந்த நாவலோட ஹீரோ, நம்புங்க, ஒரு டேனிஷ் இன்ஜினியர். ரெண்டாம் உலகப் போர்ல நாஜிகளோட சண்டை போட்டுட்டிருக்கும்போது வேற உலகத்துக்குப் போயிடறான். அங்கே போனா அவன்தான் சார்லமேனோட பழைய வீரன். ஒழுங்குக்கும் குழப்பத்துக்கும் நடக்கற பெரிய யுத்தத்துல ஒழுங்கோட பக்கம் நிக்கணும். இன்ஜினியரிங் படிச்சுட்டு வேற உலகத்துல வீரனாகணும்னு ஏங்கின முதல் ஆள் நான் இல்லைன்னு தெரிஞ்சதுல ஒரு ஆறுதல்.

1978-ல் 'பிளேயர்ஸ் ஹேண்ட்புக்' வரும்போது இந்த ரூல் ரெண்டாப் பிரியுது. ஒழுங்கு மீறின தப்புன்னா, ஏழாவது லெவலுக்குக் குறையாத ஒரு நல்ல கிளெரிக்கை, அதாவது பூசாரியைத் தேடிப் போய்ப் பாவமன்னிப்பு கேட்டு, பரிகாரம் பண்ணிட்டு வரலாம். தெரிஞ்சே தீய செயல் பண்ணா அவ்வளவுதான், சாதா ஃபைட்டர், நிரந்தரமா. என் தலைக்குள்ள இருந்தது இந்த ரெண்டாவது பாதி. நான் பிறக்கறதுக்கு இருபது வருஷம் முன்னாடி அச்சான ஒரு பத்தி, மீம் மூலமாவும் பழைய ஆட்டக்காரர்கள் கதை மூலமாவும் எனக்கு வந்து சேர்ந்திருக்கு.

இந்த இடத்துல ஆட்டத்தை விட்டு நிஜமான வீரர்கள் பக்கம் கொஞ்சம் போவோம். ஏன்னா, சாமிக்காகச் சண்டை போடறவன் தப்பு பண்ணா என்ன பண்றதுங்கற கேள்வியை ஐரோப்பா தொள்ளாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே ரூல் எழுதிப் பார்த்திருக்கு.

1066, ஹேஸ்டிங்ஸ் போர். நார்மண்டி வில்லியம் இங்கிலாந்தைப் பிடிக்கறார். போப்பாண்டவரோட ஆதரவு வில்லியம் பக்கம்தான். அப்போ கொன்னதெல்லாம் சரின்னுதானே நினைப்போம்? இல்லை. சில வருஷத்துல நார்மண்டி பிஷப்கள் ஜெயிச்ச தங்களோட படைக்கே ஒரு பரிகாரப் பட்டியல் போட்டாங்க, போப்போட தூதரும் அதை உறுதிப்படுத்தினார். கொன்ன ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு வருஷம் பரிகாரம். அடிச்சு, செத்தானா இல்லையான்னு தெரியலைன்னா ஆளுக்கு நாற்பது நாள். எத்தனை பேர்னு கணக்கே தெரியலைன்னா, வாழ்நாள் முழுக்க வாரத்துல ஒரு நாள். இல்லைன்னா ஒரு சர்ச் கட்டிக் கொடு. வில் வீரர்களுக்குத் தனி ரூல், ஏன்னா அம்பு யார் மேல பட்டுச்சுன்னு அவங்களுக்கே தெரியாது. எட்ஜ் கேஸ் வரைக்கும் யோசிச்சிருக்காங்க. எதிரியும் கிறிஸ்தவன், நம்ம பக்கம் நியாயம் இருக்கு, ஆனாலும் செத்தது ஒரு ஆளு. அதுக்குக் கணக்கு உண்டு.

இது முப்பது வருஷம்கூட நிக்கலை. 1095-ல் கிளெர்மான்ட்ல போப் இரண்டாம் அர்பன் சிலுவைப் போருக்கு அழைப்பு விடுக்கறார். பேருக்காகவும் பணத்துக்காகவும் இல்லாம பக்தியால ஜெருசலேம் கிளம்பினா, அந்தப் பயணமே எல்லாப் பரிகாரத்துக்கும் ஈடுன்னு முடிவாகுது. கொன்னதுக்குப் பரிகாரம் பண்ணின காலம் போய், கொல்லப் போற பயணமே பரிகாரம் ஆயிடுச்சு. ஒரு தலைமுறைக்குள்ள!

அடுத்து டெம்ப்ளர்கள். துறவியும் வீரனும் ஒரே ஆள். பாலடினுக்கு நிஜ உலகத்துல கிட்டத்துல இருக்கற ஆட்கள் இவங்கதான். இவங்களுக்கு 1129-ல் ட்ராய்ஸ் சபையில விதிமுறை கிடைச்சது, பின்னால அது நீண்டுட்டே போச்சு. அதைப் படிச்சா 1978 ரூல் புக் மாதிரியே ரெண்டு அடுக்கு இருக்கு. நடுத்தரத் தப்புன்னா வெள்ளை அங்கியைப் பறிச்சுடுவாங்க. ஒரு வருஷம் ஒரு நாள் வரைக்கும் தரையில உட்கார்ந்து சாப்பிடணும், அப்புறம் அங்கி திரும்பக் கிடைக்கும். பெரிய தப்புன்னா சபையை விட்டே வெளியேத்தம், வேற கண்டிப்பான மடத்துல போய்ச் சேர்ந்துக்கணும். கைகாக்ஸ் இதைப் பார்த்து எழுதினார்னு நான் சொல்லலை. மனுஷன் தண்டனை யோசிச்சா எல்லா நூற்றாண்டுலயும் ஒரே மாதிரிதான் யோசிப்பான் போல.

ஆனா அந்தப் பெரிய தப்புகள் பட்டியல்ல என்னை நிறுத்தின ஒரு வரி உண்டு. கிறிஸ்தவரைக் கொல்றது. ஆணோ பெண்ணோ, கொன்னா வெளியேத்தம். முஸ்லிமைக் கொன்னா? பட்டியல்ல இல்லை. அந்தக் காலத்துல டெம்ப்ளர்களை ஆதரிச்சு எழுதின கிளேர்வோ மடத்து பெர்னார்ட், கெட்டவனைக் கொல்றது ஆள்கொலை கிடையாது, தீமையைக் கொல்றதுன்னே வாதம் பண்ணார். அதாவது விதிமுறை ரொம்பக் கறார்தான், யாருக்கு அது பொருந்தும்ங்கறதை மட்டும் முன்னாடியே முடிவு பண்ணிட்டாங்க.

இப்போ என் நண்பன் கேட்ட கேள்விக்கு வாங்க. தூங்கற பன்னெண்டு காப்ளினுக்கு எக்ஸ்பி, கட்டிப்போட்ட ஒரு காப்ளினுக்கு தண்டனை. பழைய டி அண்ட் டி-ல பாலடினுக்கு அறுபது அடி தூரத்துல இருக்கற தீமையைக் கண்டுபிடிக்கற சக்தி உண்டு. கொஞ்சம் யோசிங்க. தீமைங்கறது ஒருத்தன் பண்ற செயல் இல்லை, அவனுக்குள்ள இருக்கற ஒரு பொருள். நம்ம பாஷையில சொன்னா ஒவ்வொரு ஆப்ஜெக்ட்லயும் ஒரு ஃபீல்ட். காப்ளின் உருவாகும்போதே அந்த ஃபீல்ட் நிரம்பி வருது. அப்புறம் அது என்ன பண்ணுச்சுன்னு யாரும் பார்க்கறதில்லை. இதனாலதான் ரோல்பிளே உலகத்துல ஒரு பழைய சண்டை தீரவே மாட்டேங்குது: பாலடின் ஆர்க் கூட்டத்தை அழிச்சுட்டான், குகைக்குள்ள ஆர்க் குழந்தைங்க இருக்கு, இப்போ என்ன?

இதுக்கு கைகாக்ஸே பதில் சொல்லியிருக்கார். 2005-ல், ரசிகர்கள் கேள்விக்குப் பதில் எழுதிட்டிருந்தப்போ. சரணடைஞ்சு மனம் மாறி நல்ல வழிக்கு வந்துட்ட கைதியையும் பாலடின் கொல்லலாம், அவன் பழையபடி மாறறதுக்கு முன்னாடியே நல்ல இடத்துக்கு அனுப்பினதாகும்ங்கறது அவர் வாதம். குழந்தைங்க, சண்டை போடாதவங்க விஷயத்துல ஒரு சொல்லை எடுத்து வெச்சார். ஈர்தான் பேனாகும்ங்கற அர்த்தத்துல வர்ற ஆங்கிலச் சொல்.

நம்ம ஊர்ல ஈரைப் பேனாக்கறதுன்னா சின்ன விஷயத்தை ஊதிப் பெருசாக்கறது. அங்கே அந்த ஈரும் பேனும் வேற விஷயம். அது கர்னல் ஜான் சிவிங்டன் சொன்னதாச் சொல்லப்படற வார்த்தை. கைகாக்ஸும் அந்தப் பேரைக் குறிப்பிட்டுத்தான் எழுதினார்.

சிவிங்டன் யாரு? அமெரிக்காவோட கொலராடோ பகுதியில மெதடிஸ்ட் போதகரா இருந்தவர். உள்நாட்டுப் போர் வந்ததும் பட்டாளத்துல சேர்ந்து, 1862-ல் குளோரியேட்டா கணவாய்ச் சண்டையில பேர் வாங்கினார். பைபிளும் வாளும் ஒரே கையில. 1864 நவம்பர் 29 காலையில சுமார் 700 வீரர்களோட சாண்ட் கிரீக்ங்கற இடத்துல ஷையன், அரபஹோ மக்களோட முகாமைத் தாக்கினார். அவங்க சமாதானம் பேசிட்டு, அரசு பாதுகாப்பு இருக்குன்னு நம்பி அங்கே தங்கினவங்க. தலைவர் பிளாக் கெட்டில் அமெரிக்கக் கொடியையும் வெள்ளைக் கொடியையும் ஏத்தி வெச்சிருந்தார். 150-லேருந்து 230 பேர் வரைக்கும் கொல்லப்பட்டாங்கன்னு கணக்கு. பெரும்பாலும் பெண்கள், குழந்தைங்க, வயசானவங்க.

அன்னைக்கு அதே படையில சைலஸ் சூல்னு ஒரு கேப்டன் இருந்தார். தன் ஆட்களைச் சுட விடலை. நின்ன இடத்துலேயே நிறுத்தி வெச்சார். அடுத்த வருஷம் விசாரணையில நடந்ததைச் சாட்சியாச் சொன்னார். ரெண்டே மாசத்துல, 1865 ஏப்ரல்ல, டென்வர் தெருவுல சுட்டுக் கொல்லப்பட்டார். காங்கிரஸ் கமிட்டி சிவிங்டனைக் கடுமையாக் கண்டிச்சது. ஆனா அவர் ஏற்கெனவே ராணுவத்தை விட்டு விலகிட்டதால ராணுவ நீதிமன்றத்துல நிறுத்த முடியலை. எந்தத் தண்டனையும் இல்லை. வாள் வெளிச்சமெல்லாம் நிஜத்துல அணையறதில்லை.

கைகாக்ஸைத் திட்டறதுக்கு இதைச் சொல்லலை. அவர் கற்பனை உலகத்தோட நீதியைப் பத்திப் பேசறதாத்தான் நினைச்சிருப்பார், நான் அவர் கண்டுபிடிச்ச ஆட்டத்தை வாராவாரம் ஆடறவன். ஆனா பாலடின் எதுக்காக விழுவான்னு அவ்வளவு கறாரா எழுதின அதே மனுஷன், எதுக்காக விழ மாட்டான்னு சொல்லும்போது போய் நின்ன இடம் சாண்ட் கிரீக். டெம்ப்ளர் பட்டியல்ல விட்டுப்போன அதே வரிதான் இங்கேயும் விட்டுப்போயிருக்கு.

அப்புறம் வந்த எடிஷன்கள் தண்டனையைத்தான் மாத்திட்டே வந்தது. 2000-ல் மூணாவது எடிஷன்ல வேணும்னே பண்ண தீமைக்கும் 'அடோன்மென்ட்' மந்திரம் மூலமா மன்னிப்பு உண்டு. இதுல எனக்குப் பிடிச்ச விஷயம், அப்படி வேணும்னே பண்ண தப்புன்னா மந்திரத்தைப் போடற கிளெரிக் தன் சொந்த எக்ஸ்பி-ல 500 இழக்கணும். நீ பண்ண தப்புக்குப் பூசாரி பில் கட்டணும். 2008-ல் நாலாவது எடிஷன் ரூலையே தூக்கிப் போட்டுச்சு: ஒரு தடவை பாலடின் ஆயிட்டா எப்பவும் பாலடின், வழி தவறினா உன் மதத்துக்காரங்களே உன்னைத் தேடி வருவாங்க. 2014-ல் வந்த அஞ்சாவது எடிஷன்ல, அதாவது நாங்க ஆடறதுல, பாலடின் நல்லவனா இருக்கணும்னே கட்டாயம் இல்லை, தான் எடுத்த சத்தியத்துக்கு உண்மையா இருக்கணும். பழிவாங்கற சத்தியம்கூட உண்டு. தவறினா ராத்திரி முழுக்கக் கண்விழிச்சுப் பிரார்த்தனை, விரதம், மன்னிப்பு. திருந்தவே மாட்டேன்னு நின்னாத்தான் டன்ஜன் மாஸ்டர் மேற்கொண்டு ஏதாவது பண்ணலாம்.

2023-ல் 'பால்டர்ஸ் கேட் 3' வந்தப்போ நம்மள்ல நிறைய பேர் பாலடினா ஆடிருப்போம். கூண்டுல மாட்டின லேஸெலைக் காப்பாத்தப் போய், அங்கே நின்ன ரெண்டு டீஃப்ளிங் ஆட்களோட சண்டை போட்டு, ஏன்னே புரியாம சத்தியம் உடைஞ்சு போன அனுபவம் இருக்கா? அன்னைக்கு ராத்திரி கேம்ப்ல கறுப்புக் கவசத்தோட ஒருத்தர் வந்து நிப்பார். 1000 கோல்ட் குடுத்தா சத்தியம் பழையபடி கிடைக்கும். ஹேஸ்டிங்ஸ்ல சர்ச் கட்டிக் கொடுத்தவங்களுக்குப் புரிஞ்சிருக்கும்.

இதெல்லாம் படிச்சப்புறம்தான் நான் என்ன பண்ணேன்னு எனக்குத் தெரிஞ்சது. முதல் வாரம் காப்ளினை எக்ஸ்பி பொட்டலமா வெச்சேன். ரெண்டாவது வாரம் சொல்லாம கொள்ளாம அதை ஒரு ஆளா மாத்திட்டேன், அதுக்குப் பயப்படத் தெரியும், கெஞ்சத் தெரியும். அப்புறம் பழைய விதிமுறைப்படி நடந்தவனைப் புது விதிமுறைப்படி தண்டிச்சேன். டாக்குமென்டேஷனே இல்லாம ஏபிஐ-யை மாத்திட்டு, கால் பண்றவனைத் திட்டற சீனியர் டெவலப்பர் மாதிரி. அந்த ஆளை நமக்கெல்லாம் தெரியும், அது நானா இருப்பேன்னு நினைக்கலை.

அவனை டீ குடிக்கக் கூப்பிட்டு இதையே சொன்னேன். வாளை எரிய விட்டுடறேன், நடந்ததை மறந்துடலாம்னேன். அவன் கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு வேண்டாம்னுட்டான். "நீ பவரை எடுத்தது தப்புதான். ஆனா அந்தக் காப்ளின் பேசினப்புறம்தான் நான் வெட்டினேன். அது எனக்கே உறுத்திட்டுத்தான் இருந்துச்சு. உன்கிட்ட ஒத்துக்கத்தான் கடுப்பா இருந்துச்சு."

மறுபடி ஆட உட்கார்ந்த அன்னைக்கு டைஸை எடுக்கவே இல்லை. ரெண்டு மணி நேரம் இந்த உலகத்துல காப்ளின்னா யாருன்னு அஞ்சு பேரும் பேசினோம். குழந்தைங்க உண்டு, பாட்டிங்க உண்டு, வரி கேட்டு வர்ற பக்கத்து ராஜா மேல கோபம் உண்டுன்னு முடிவாச்சு. தூங்கினப்போ செத்த பன்னெண்டும் இப்போ கணக்குல சேர்ந்துடுச்சு, அதைச் சேர்க்கச் சொன்னதும் அவன்தான். எங்க பாலடின் அப்படியும் இப்படியும் எதாவது பண்ணப் போறான்னு தோணினா, அவன் டைஸை உருட்டறதுக்கு முன்னாடியே நான் நிறுத்திக் கேட்கறேன்: "உன் ஆளு இதை எப்படிப் பார்ப்பான்?" பதில் என்னவா இருந்தாலும் அதை அவன் சொல்லணும், நான் இல்லை.

வாள் இன்னும் எரியலை. மூணு மாசம் ஆச்சு, அவனும் அவசரப்படலை. இப்போ ஆயுதம் இல்லாம அந்தக் கேம்ப் வாசல் வரைக்கும் போய் நிக்கறான். கதவைத் திறக்கற காப்ளின் பாட்டிக்கு என்ன குரல் குடுக்கறதுன்னு நான்தான் இன்னும் முடிவு பண்ணலை.